தெரியாது என்றொரு பதில்

போன கிழமை ஒரு மீட்டிங்கில் சத்தம் போட்டுவிட்டேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும் — நான் பொதுவாக அமைதியான ஆள். சரி... வீட்டில் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள். ஆனால் ஒபீஸில் என் குரல் உயர்ந்ததை அன்றுதான் பலர் முதன்முதலாகக் கேட்டார்கள்.

விஷயம் சின்னது. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றியிறக்கும் வான் வண்டிகளுக்கு ஒரு செயலி செய்கிறோம். பிள்ளை வானில் ஏறிவிட்டதா என்று அது பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவர் எழுதியிருந்த வரியின் சாரம் இதுதான்: வானிலிருந்து தகவல் எதுவும் வராவிட்டால், பிள்ளை ஏறவில்லை என்று எடுத்துக்கொள்.

"தகவல் வராததும் பிள்ளை ஏறாததும் ஒன்றா?" என்று கேட்டேன்.

"நடைமுறையில ஒன்றுதானே மேடம்" என்றார்.

அங்கேதான் கத்தினேன். பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது மன்னிப்பும் கேட்டேன். ஒரு வரிக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று விசாரித்தார்கள். சொல்லத் தொடங்கினேன், பாதியிலேயே பேச்சை மாற்றிவிட்டேன். எழுதும்போது அந்தத் தொல்லை குறைவு என்பதால் உங்களிடம் சொல்கிறேன்.

திருகோணமலையில் போர் மறுபடி மூண்டுவிட்ட காலம். எங்கள் வீடு லிங்கநகரில். துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீனவர் சங்கம் ஒன்றின் ஒபீஸில் எனக்கு வேலை. கடலுக்குப் போகும் படகுகளுக்குப் பாஸ் கொடுப்பது அந்தச் சங்கம்தான். அதற்கான புரோகிராமை எழுதியது நான்.

எந்தக் கரையிலிருந்து இறங்கலாம், கடலில் எந்த எல்லைக்கோட்டைத் தாண்டக் கூடாது, எந்நேரத்துக்குள் திரும்ப வேண்டும் — இந்த உத்தரவெல்லாம் கடற்படை முகாமிலிருந்து வரும். காலையில் ஒன்று வரும். பின்னேரம் அதை மாற்றி இன்னொன்று வரும். ஒவ்வொரு தடவையும் புரோகிராமைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்க முடியுமா?

அதனால் புரோகிராமின் வயிற்றுக்குள் ஒரு குட்டி மொழியை வைத்தேன். உத்தரவு மாறினால் அந்தக் குட்டி மொழியில் நாலைந்து வரி மாற்றினால் போதும். அந்த வரிகளை, அதாவது ஸ்கிரிப்ட்டை, எழுதியவர் நசீர். கிண்ணியாக்காரர், சங்கத்தின் கணக்காளர். எதையும் உடனே பிடித்துக்கொள்வார். உடனே சண்டைக்கும் வருவார். எங்களுக்குள் ஒரு நாளும் வாக்குவாதம் இல்லாமல் போனதில்லை.

குட்டி மொழிக்குப் படகைத் தெரியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். படகே, உன் சொந்தக்காரர் யார்? உன் மோட்டர் என்ன? எண்ணெய் எப்போது எடுத்தாய்? திரும்பி வந்துவிட்டாயா? இந்தப் பதில்களைத்தான் எங்கள் தொழிலில் பண்புகள் என்போம். ஒரு பண்பை எப்படிக் கேட்பது, எதை மாற்ற விடலாம், எதைத் தொட விடக் கூடாது, கேட்டதற்குப் பதிலே இல்லாவிட்டால் என்ன செய்வது... இவற்றைத் தீர்மானிப்பதுதான் என் பங்கு. சொல்லிக் கேட்டால் ஒன்றுமில்லாத வேலை மாதிரித்தான் இருக்கும். எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது.

'திரும்பியது' என்ற பண்புக்கு இரண்டே பதில்கள். ஓம், இல்லை. முகாம் கேட்டது அவ்வளவுதான். பொழுது சாயும் நேரம் நசீரின் ஸ்கிரிப்ட் ஓடும். 'இல்லை' என்று வரும் படகுகள் பட்டியலாக அச்சாகி முகாமுக்குப் போகும்.

ஒரு படகு திரும்பியதை யார் வந்து சொல்வது? எங்கள் கரையில் அதைச் சொன்னவர்கள் பெண்கள்தான். ஆம்பிளைகள் ஈரச் சாரத்தோடு சென்றியை, அந்தக் காவலரணை, தாண்டி ஒபீஸ் வரைக்கும் வந்தால் எத்தனை கேள்வி, எவ்வளவு நேரம்! பெண்களை அவ்வளவாக மறிப்பதில்லை. அதனால் மனைவியோ தாயோ சகோதரியோ பின்னேரம் கவுண்டருக்கு வந்து "வந்திட்டார்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவார்கள். நாங்கள் 'ஓம்' போடுவோம்; அதோடு மறுநாள் பாஸும் பதிவாகிவிடும். கரைக்குப் போய்ப் படகுகளைப் பார்க்க ஆளும் இல்லை, அனுமதியும் இல்லை. அந்தப் பெண்களின் வாய்ச்சொல்தான் சங்கத்தின் அத்தாட்சி.

அப்படி வருபவர்களில் ஒருவர் தவமணி. வெருகல் பக்கத்துக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கணவன் யோகராசாவோடும் தன் தம்பியோடும் டவுனுக்கு வெளியே ஒரு வாடியில், மீனவர் தங்கும் ஓலைக் கொட்டிலில், இருந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். வந்தால் சும்மா போகமாட்டார். என் சாறி நிறத்துக்கு ஒரு கதை, நசீரின் தாடிக்கு ஒரு கதை சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் போவார்.

ஒருநாள் முகாமிலிருந்து புதிய உத்தரவு. எந்தப் படகு சங்கத்திடம் எவ்வளவு மண்ணெண்ணெய் எடுக்கிறது என்று தெரிய வேண்டுமாம். நான் 'எண்ணெய்' பண்பைத் திறந்துவிட்டேன். நசீர் ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினார். ஓட்டியவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"மிஸ், இங்க வந்து பாருங்க. எண்ணெய் குடிக்காத படகு ஒன்டு இரிக்கி."

"பாய்மரத்தில போறாரோ?"

"மோட்டர் போட் மிஸ். நாளாந்தம் போகுது, நாளாந்தம் வருது. எண்ணெய் மட்டும் எடுக்கல்ல. உங்கட பண்புதான் பிழையாச் சொல்லுது."

எனக்குச் சுருக்கென்றது. என் பண்பாவது, பிழையாவது! உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தேன். பிழை இல்லை. படகின் சொந்தக்காரர் பெயரைப் பார்த்தேன். யோகராசா.

அன்று பின்னேரமும் தவமணி வந்தார். கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வந்திட்டார் மிஸ்" என்றார். யோசித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது — கொஞ்ச நாளாக அவர் கதை ஒன்றும் சொல்வதில்லை. அந்த ஒரு சொல்லோடு திரும்பிவிடுகிறார்.

"அக்கா, எண்ணெய் எங்க எடுக்கிறியள்?" என்று கேட்டேன்.

பின்னால் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

"உள்ளுக்கு வரலாமோ மிஸ்?"

தேத்தண்ணி போடும் குசினியில் இருத்தி, ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. கிளாசை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"அவர் வரேல்ல."

கடலுக்குப் போன யோகராசா கிழமைக் கணக்கில் திரும்பவே இல்லை. ஒவ்வொரு பின்னேரமும் இந்தப் பெண் முகம் கழுவி, பொட்டு வைத்து, சென்றி தாண்டி வந்து, கணவன் வந்துவிட்டான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"அல்லாஹ்வே... ஏன் பொய் சொன்ன நீங்க?" என்றார் வாசலில் நின்ற நசீர்.

"வரேல்ல எண்டு சொன்னா என்ன எழுதுவாங்கள்? அந்தப் பக்கம், புலியளிட்டப் போயிட்டான் எண்டு எழுதுவாங்கள். வீட்டுக்கு வருவாங்கள். என்ர தம்பியையும் கொண்டு போவாங்கள். வந்திட்டார் எண்டு சொன்னா அவரை ஒருத்தரும் தேட மாட்டினம். கோட்டுக்கு இஞ்சால எங்கட ஆக்கள் தேடிப் பாத்திட்டினம். அங்கால போக ஏலாது. நான் எதைச் சொல்ல? தெரியாது எண்டு சொல்ல விட்டிருந்தா நான் ஏன் பொய் சொல்லப்போறன்?"

அழவில்லை. கேட்டுவிட்டுக் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார். நசீர் வெளியே போய்விட்டார். அவர்தான் என்ன பதில் சொல்வது? ஓம் என்றால் கணவன் கடலில் கைவிடப்படுவான். இல்லை என்றால் தம்பி போய்விடுவான். இதில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று நாளாந்தம் ஒரு பெண்ணை அந்தக் கவுண்டரில் நிறுத்திவைத்திருக்கிறது ஒரு பண்பு.

பட்டியல் அச்சாகும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நானும் நசீரும் மேசைக்கு வந்தோம். சண்டை வந்தது, வராமல் இருக்குமா?

"இல்லை என்டுதான் போடணும் மிஸ். தெரிஞ்ச பொறகும் பொய் எழுத ஏலாது."

"இல்லை எண்டதும் பொய்தான் நசீர். அவருக்கு என்ன நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப அதைத்தான் எழுத வேணும்."

'திரும்பியது' பண்புக்கு மூன்றாவதாக 'தெரியாது' என்ற பதிலைச் சேர்த்தேன். அது லேசான வேலை. கஷ்டம் அதற்குப் பிறகுதான். எங்கள் குட்டி மொழிக்கு ஒரு பழக்கம் உண்டு — 'ஓம்' இல்லாத எதையும் அது 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும். வெற்றிடமும் அதற்கு 'இல்லை'. தெரியாததும் அதற்கு 'இல்லை'. அப்படியே விட்டால் நசீரின் ஸ்கிரிப்ட் யோகராசாவைத் தூக்கி நேரே வராதவர் பட்டியலில் போட்டுவிடும்.

ஆகவே அந்தப் பழக்கத்தையே உடைத்தேன். 'தெரியாது' என்ற பதிலை வைத்து எந்த ஸ்கிரிப்ட்டும் முடிவெடுக்கக் கூடாது. எடுக்கப் பார்த்தால் அப்படியே நின்றுவிட வேண்டும். ஆளைக் கேள் என்று திரையில் காட்ட வேண்டும். இன்னொன்றும் செய்தேன். அந்தப் பதிலை எந்த ஸ்கிரிப்ட்டாலும் மாற்ற முடியாது. வீட்டு ஆள் ஒருவர் வந்து வாயால் சொன்னால் மட்டுமே மாற்றலாம்.

"நின்டா பட்டியல் பிந்தும். முகாமால டெலிபோன் கோல் வரும். ஆரு பதில் சொல்ற?" என்றார் நசீர்.

சொல்லிக்கொண்டே தன் ஸ்கிரிப்ட்டைத் திருத்தத் தொடங்கினார். ஓம் ஒரு பக்கம், இல்லை ஒரு பக்கம், தெரியாது தனியாக ஒரு தாள். அந்தத் தாளின் தலைப்பைத் தமிழிலும் சிங்களத்திலும் அவரே அடித்தார்: நிலை தெரியாதோர் — தேடுவதற்கு அனுமதி கோருகிறோம்.

கோல் வந்தது. கூடவே சங்கத் தலைவரும் வந்தார்.

"கொம்பியூட்டருக்கு என்ன வருத்தம்?"

நடந்ததைச் சொன்னோம். தாளை வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதை எடுத்துக்கொண்டு போனால் போகிறவருக்கும் ஆபத்துத்தான். எங்கள் மூவருக்கும் அது தெரியும். பிறகு அதில் கையெழுத்துப் போட்டு, தன் சைக்கிளிலேயே முகாமுக்குக் கொண்டுபோனார்.

தெரியாது என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே கேட்டார்களாம். "தெரியாது என்றால் தெரியாது, ஐயா. உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது" என்று தலைவர் சிங்களத்தில் சொன்னாராம். திரும்பி வந்து அதைச் சொல்லும்போது மூக்குக்கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைத்தார்.

தவமணியின் வாடிக்கு முகாமிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கேட்டார்கள், கிளறினார்கள், போனார்கள். தம்பியைக் கொண்டுபோகவில்லை. கோட்டுக்கு அப்பால் தேட ஒரு காலைப்பொழுது அனுமதி கிடைத்தது. எங்கள் படகுகள் போயின. வலைக் கட்டைகள் சில மிதந்ததாகச் சொன்னார்கள். அவை யாருடையவை என்று உறுதியாகச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

யோகராசா கிடைக்கவில்லை.

அதன் பிறகும் தவமணி கவுண்டருக்கு வருவார். ஒன்றும் சொல்ல மாட்டார். கம்பிக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிற்பார், நாங்கள் தலையசைப்போம், போவார். வருடக் கடைசியில் பழைய பதிவுகளைச் சுத்தமாக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொன்னபோது, நசீர் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் பார்த்தார். அது யோகராசாவின் படகில் வந்து நின்றுவிட்டது. ஆளைக் கேள். "நிக்கட்டும் மிஸ்" என்று சொல்லிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கப் போனார். என்னோடு வாதாடாமல் அவர் ஒத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

யோசித்துப் பாருங்கள். ஒரு நாளில் எத்தனை பேர் நம்மிடம் ஓமா இல்லையா என்று கேட்கிறார்கள்! கேட்கிறவர்களுக்கு அவசரம். பெட்டி இரண்டுதான் இருக்கிறது, ஒன்றில் விழு என்கிறார்கள். தெரியாது என்று சொன்னால் பதில் சொல்லத் தெரியாதவன் என்று நினைக்கிறார்கள். போர்க்காலத்தில் அப்படி நினைத்ததால் எத்தனை வீடுகள் பொய் சொல்லி உயிர் பிழைத்தன என்று எனக்குத் தெரியாது. பார்த்தீர்களா... இதற்கும் அதே பதில்தான்.

போர் முடிந்து சில வருடங்களின் பின் ஊருக்குப் போயிருந்தேன். மீன் சந்தையில் யாரோ என் கையைப் பிடித்தார்கள். தவமணி. தலை நன்றாக நரைத்திருந்தது. நெற்றியில் பொட்டு இருந்தது. தம்பிக்குக் கலியாணமாகி இரண்டு பிள்ளைகள் என்றார். என் மகளைப் பற்றிக் கேட்டார். என் சாறி நிறத்தைப் பற்றி ஒரு கதையும் சொன்னார். இருவரும் சிரித்தோம்.

போகத் திரும்பியவர் நின்றார்.

"மிஸ்... அந்தப் பதிவில நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லத்தானே?"

"இல்ல அக்கா. நீங்கள் ஒண்டும் சொல்லேல்ல."

"அப்ப அது அப்பிடியே இருக்குது."

"ஓம் அக்கா. அப்பிடியேதான் இருக்குது."

அந்தக் கொம்பியூட்டரைப் பழைய இரும்புக்குப் போட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது என்று நான் ஏன் அவரிடம் சொல்ல வேண்டும்?