நீல விளக்கு ஃபேன்

என் மகன் தன் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டை அறுத்துக் கண்ணாடி பதித்திருந்தான். உள்ளே மாட்ட நீல விளக்கு எரியும் ஃபேன் ஒன்றுதான் பாக்கி. அதற்குள் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான். அவன் எழுதித் தந்த சீட்டோடு லாஸ்பேட்டையிலிருந்து பஸ் ஏறி நான்தான் கம்ப்யூட்டர் சாமான் கடைக்குப் போய் வாங்கி வந்தேன்.

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருப்பார். எந்த ஃபேனையும் வாயால் ஊதி, சுற்றுகிறதா என்று பார்த்த பிறகே கையில் கொடுப்பார்.

மகனுக்குக் காரியம் முடிந்த மறுநாள், அந்த ஃபேன் வீட்டில் கிடப்பதைப் பொறுக்காமல் திருப்பிக் கொடுக்கப் போனேன். மறுபடி ஊதினார்.

"நல்லாத்தான சுத்துது ஆயா! தம்பிக்கு மாட்டத் தெரியலியா? கூட்டியாங்க, நான் சொல்லித் தரேன்."

"சரிப்பா" என்று ஃபேனோடு திரும்பிவிட்டேன்.

அந்தத் தெருப் பக்கமே பிறகு போகவில்லை. என் மகன் வருவான் என்று இந்த ஊரில் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பவர் அவர் ஒருவர்தான்.