ராக்கரில் விழுந்த பள்ளம்

தெருவில் அவளுக்கு லென்ஸ்காரி என்றே பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் பத்தொன்பது வருடமாக லென்ஸ் தேய்த்து வளைவு எடுப்பவள். கணவர் பஸ் டிரைவர். பகலெல்லாம் பஸ் ஓட்டியும் ஆசை தீராமல் அறுபது வருடப் பழைய கார் ஒன்றை வாங்கிவந்து வாசலில் நிறுத்தியிருந்தார்.

ஞாயிறன்று மலைப்பாதையில் பழைய கார்களின் ஊர்வலம். வெள்ளிக்கிழமை மதியமாகியும் எஞ்சினில் டக் டக்கென்ற சத்தம் நிற்கவில்லை. மெக்கானிக்கான அவள் கொழுந்தன் மூன்று நாளாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"டேப்பெட் கேப் எல்லாம் அச்சு அசலா இருக்கு அண்ணி. சத்தம் மட்டும் போக மாட்டேங்குது."

வால்வை அமுக்கித் திறக்கும் சின்ன இரும்புக் கைதான் ராக்கர். அதற்கும் வால்வின் நுனிக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் டேப்பெட் கேப்; மெல்லிய தகட்டைச் செருகி அதை அளப்பார்கள். கழற்றி வைத்திருந்த ராக்கர் ஒன்றை அவள் எடுத்து, லென்ஸைப் பார்ப்பது போல ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பளபளத்த முனையில் தெரிந்த ஜன்னல் கம்பி நடுவில் வளைந்திருந்தது.

"இங்க பள்ளம் விழுந்திருக்கு."

"பழைய வண்டி, தேயத்தானே செய்யும்?"

"அதில்லப்பா. உன் தகடு தட்டை. பள்ளத்து மேல பாலம் மாதிரி நிக்குது. வால்வு நுனி பள்ளத்துக்குள்ள போய் இடிக்குது. நீ அளந்தது கரையை."

கொழுந்தன் ராக்கரை வாங்கி முனையை விரலால் தடவினான். "கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேன் அண்ணி" என்றான்.

அவளுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, தீட்டுகிற எண்ணெய்க் கல்லோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். எட்டு ராக்கரின் முனையிலும் மசி பூசி, வளைவு கெடாமல் உருட்டி உருட்டித் தேய்த்தாள். மசி எங்கும் ஒன்றுபோல அழிந்தால் பள்ளம் போய்விட்டதென்று அர்த்தம். மேல்தோல் மட்டும்தான் கடினம், அதைத் தாண்டினால் உள்ளே மெத்து என்று கொழுந்தன் எச்சரித்திருந்தான். அதனால் பத்து இழுப்புக்கு ஒரு தரம் வெளிச்சத்தில் பார்த்தாள். ஏழு ராக்கர் தேறின. எட்டாவதில் பள்ளம் ஆழம். அதைக் கொழுந்தன் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய், கடினமான உலோகம் வைத்து நிரப்பிவந்தான். அதற்கு அவள் புதிதாகவே வளைவு எடுத்தாள்.

டியூட்டி முடிந்து வந்த கணவர் மேஜையைப் பார்த்தார். "சோறு போடுற இடமா இது, பட்டறையா?"

"எதையும் தொட்டுடாதீங்க. இன்னிக்கு சோத்துத் தட்டு மடியிலதான்."

சனிக்கிழமை காலையில் எட்டையும் பூட்டி, கொழுந்தன் மறுபடி இடைவெளி வைத்தான். கணவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு முறை இருமியது. அப்புறம் சத்தத்தையே காணோம்.

"நின்னுடுச்சா?" என்றபடி இறங்கி வந்தார்.

அவள் அவர் கையைப் பிடித்து பானெட் மேல் வைத்தாள். இரும்புத் தகடு இதமாக அதிர்ந்துகொண்டிருந்தது. அவர் அவளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், மறுபடி பானெட்டைப் பார்த்தார். மூவரும் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

ஞாயிறன்று மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் நீல நிறக் கார் ஒன்று டக் டக்கென்று அடித்துக்கொண்டு ஓரமாக நின்றது. கணவர் பிரேக்கை முழுசாக மிதிப்பதற்குள் அவள் கதவைத் திறந்துவிட்டாள்.