கோடும் தோடும்

1932-இல், கடல் கடந்து ஜெலுத்தோங் என்ற ஊரில் இருந்த ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளியில் கோமதி டீச்சர் முதலாம் வகுப்பு எடுத்தார். புதிதாகச் சேரும் பிள்ளைகளின் பேச்சைச் சோதிப்பதும் அவர் வேலைதான். ஒரு கூடையில் வீட்டுச் சாமான்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டுவார். பெயரைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். நாம் முந்திக்கொண்டால் பிள்ளை நம்மைப் பார்த்துச் சொல்லிவிடும், அதன் நாக்கு என்ன செய்கிறது என்று தெரியாமல் போய்விடும் என்பார்.

டிராம் கண்டக்டர் பக்கிரிசாமி தன் ஆறு வயது மகள் செண்பகத்தை அழைத்து வந்தார். டீச்சர் கரண்டியை எடுத்தார். "கரண்டி" என்றார் பக்கிரிசாமி. கிண்ணத்துக்கும் அவரே பதில் சொன்னார். டீச்சர் அவர் கையில் ஒரு மிட்டாயைக் கொடுத்து, அது கரையும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்றார்.

பிறகு செண்பகத்தின் வாயில் கரண்டி 'தரண்டி' ஆயிற்று. கிண்ணம் 'திண்ணம்' ஆயிற்று. வேலியில் இருந்த காக்கா 'தாத்தா' ஆயிற்று.

எட்டிப் பார்த்த தலைமையாசிரியர் திருநாவுக்கரசு, பிள்ளைக்குக் காது மந்தம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். வாயில் மிட்டாயோடு நின்ற பக்கிரிசாமியின் கண் கலங்கியது.

கோமதி விசிறியால் தன் வாயை மறைத்துக்கொண்டு "கோடு" என்றார். செண்பகம் சிலேட்டில் கோடு போட்டாள். "தோடு" என்றார். காதைத் தொட்டாள். மாற்றி மாற்றிக் கேட்டும் தப்பவில்லை. அவளையே சொல்லச் சொன்னபோது மட்டும் இரண்டும் தோடுதான். கடைசியில் டீச்சர் வேலியில் இருந்த காக்காவைக் காட்டி, அவளைப் போலவே "தாத்தா" என்றார்.

செண்பகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "தாத்தா இல்ல டீச்சரம்மா, தாத்தா. ஒழுந்தா சொல்லுந்த."

திருநாவுக்கரசு மூக்குக்கண்ணாடி நழுவும்படி சிரித்தார். காதில் பழுதில்லை, நாக்குதான் பின்னால் போகத் தெரியாமல் நிற்கிறது என்றார் கோமதி. தலையை அண்ணாந்து தண்ணீரைத் தொண்டையில் கொப்புளிக்கச் சொன்னார். 'க்' என்று ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டுத் தானே பயந்த செண்பகம், தண்ணீரைத் தலைமையாசிரியரின் வேட்டியில் துப்பினாள். அன்றே அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

சில வாரம் கழித்து பக்கிரிசாமி மறுபடி வந்தார்.

"முன்ன கம்பிய தம்பின்னா. இப்ப தம்பிய கம்பிங்கிறா. எதையோ மாத்தி மாட்டிட்டீங்க போல, டீச்சரம்மா."

புதிதாகக் கிடைத்த ஒலி, ஆசையில் எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கிறாள், தானாக அடங்கும் என்றார் கோமதி. பக்கிரிசாமி முழுதாக நம்பவில்லை. ஆனாலும் அடங்கியது.

தீபாவளியன்று செண்பகம் ஒரு தூக்குச்சட்டியோடு டீச்சர் வீட்டு வாசலில் நின்றாள். பின்னால் பக்கிரிசாமி.

"முறுக்கு, டீச்சரம்மா. கொஞ்சம் கருகிப்போச்சு. அத உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு" என்றாள், ஒரு எழுத்துகூடப் பிசகாமல்.