இன்னும் நன்றி சொல்லவில்லை

ஸ்ட்ரோக் வந்து நான்கு மாதமாகியும் என் மனைவிக்குப் பேச்சு திரும்பவில்லை. சிம்பாங் அம்பாட் காலைப் பசாரில் கீரைக்கட்டுகளுக்கு நடுவே நின்று தமிழிலும் மலாயிலும் கூவிக் கூவி விற்றவள். மூன்று வரிசை தாண்டி மீன்காரர் திரும்பிப் பார்ப்பார். அப்படி ஒரு குரல். இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் ரெம்பியாவில் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். கேட்டது கிடைக்கும் முன்பே கிடைத்துவிட்டதாக எழுந்து சாட்சி சொல்வது எங்கள் சபையின் வழக்கம். விசுவாசம் என்றால் அதுதானாம். மூன்று மாதம் நானும் சொன்னேன். ‘என் மனைவி பேசுகிறாள், ஸ்தோத்திரம்.’ வாயோரம் எச்சில் வழிய, பக்கத்திலிருந்து அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது?

நான்காம் மாதம் பாஸ்டர் கூப்பிட்டார். “அண்ணே, சாட்சி சொல்லுங்க.”

எழுந்தேன். “அவ பேசல பாஸ்டர்.”

“விசுவாசத்துல சொல்லுங்கண்ணே.”

“சொல்லியாச்சு. பேசல. இன்னிக்கி நான் நன்றி சொல்ல நிக்கல. கேக்க நிக்கிறேன்.”

பசாரில் அவளுக்குப் பக்கத்துக் கடை போட்டிருந்த அக்கா என் கையைப் பிடித்தார். “உக்காரு லா தம்பி. ஆண்டவர்கிட்ட போயி சண்ட போடுவாங்களா?”

“வேற யாருகிட்டக்கா போடுறது? ஆஸ்பத்திரி கவுண்டர்லயா?”

யாரோ சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள்.

நான் கண்ணை மூடவில்லை. தகரக் கூரையை அண்ணாந்து பார்த்துச் சொன்னேன்: “ஆண்டவரே, இந்தப் பக்கம் பாரும். எங்கள் வீடு உமக்குத் தெரியாத வீடு இல்லை. அவள் குரலை எடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. திருப்பிக் கொடும். இரங்கும். நீர் பார்க்கிறவரைக்கும் நான் உட்காரப் போவதில்லை.”

அவளுடைய இடதுகை நாற்காலியின் பிளாஸ்டிக் பிடியில் அடித்தது. மறுபடியும் அடித்தது.

“அண்ணி போதும்னு சொல்றாங்கண்ணே,” என்றார் பாஸ்டர்.

நான் குனிந்தேன். “நிறுத்தட்டுமா?”

இல்லையென்று தலையை ஆட்டினாள். கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்தாள். சொல் ஒன்றும் வரவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு கரகரப்பு மட்டும் வந்தது. அது என்னை நோக்கியதல்ல. அவளும் மேலேதான் பார்த்தாள். என் வாழ்நாளில் கேட்ட ஜெபங்களில் அதைவிட உண்மையானது எதுவுமில்லை.

இதை எழுதும் இன்றும் அவள் பேசவில்லை. நாளை வெள்ளிக்கிழமை. ஆண்டவரை நாங்கள் விடுவதாக இல்லை.