மண் கலர் ஒயர்

எண்பத்து மூன்றா, நான்கா என்று இப்போது சட்டென்று சொல்ல வரவில்லை. என் வீட்டுக்காரர் குவைத்துக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்த சமயம். கம்பத்தில் அவருடைய வீட்டில் நான், மாமியார், நாத்தனார் என்று மூன்று பேர். நாத்தனாருக்கு அப்போது இருபது வயது, என்னைவிட நான்கு வயது சின்னவள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்தே போகாது. அவளுக்கு வாய் நீளம் என்று நான் சொல்வேன். எனக்கு அதைவிட நீளம் என்று தெருவே சொல்லும்.

லீவில் ஊருக்கு வந்த ஒருவரிடம் வீட்டுக்காரர் ஒரு பெட்டி கொடுத்தனுப்பியிருந்தார். இரண்டு ஃபாரின் சேலை, சோப்பு, தைலம், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு அயர்ன் பாக்ஸ். முகம் பார்க்கலாம் போல மின்னியது. எங்கள் தெருவில் அதுவரை கரி போட்டுத் தேய்க்கிற பெட்டிதான். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் அதன் பிளக்கில் மூன்று சப்பட்டைப் பித்தளைக் கட்டைகள் இருந்தன. எங்கள் வீட்டுப் பாயிண்ட்டில் மூன்றும் உருண்டை ஓட்டை. அதைப் பற்றி அவர் கடிதத்திலேயே எழுதியிருந்தார். அவர் குவைத்துக்குப் போன புதிதில் நம் ஊர் ஹீட்டரைக் கையோடு கொண்டுபோய், அது அங்கே எந்தச் சுவரிலும் நுழையாமல், ஒரு வாரம் வெந்நீருக்கும் டீக்கும் அடுத்த அறைக்காரர்களிடம் கையேந்தி நின்றாராம். பிறகுதான் ஒரு மலையாளத்துக்காரர் அடாப்டர் என்று ஒன்றைக் காட்டினாராம். அந்த ஊர் பிளக்கை நம் ஊரில் மாட்டவும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது, அடுத்த முறை வரும்போது வாங்கி வருகிறேன், அதுவரை அயர்ன் பாக்ஸை எடுத்து வை, நீயாக எதையும் நோண்டாதே என்று முடித்திருந்தார்.

அந்தக் கடைசி வரிதான் எனக்குச் சுருக்கென்றது. நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அதோடு, தேனியில் என் அப்பா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் கடையில் உட்கார்ந்து, ஒயர் சீவுவதும் முறுக்குவதும் பார்த்து வளர்ந்தவள். எனக்கா பிளக் மாட்டத் தெரியாது?

அந்த வாரம் தேவாரம் ஊரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. மாமியார் காலையிலேயே கிளம்பிப் போய்விட்டார். நானும் நாத்தனாரும் சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. ஆனால் எங்களுக்குள் இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை கிடையாது. வந்த சேலையில் நான் ஆசைப்பட்டதை அவள் எடுத்துக்கொண்டாள். அதற்குக் குழாயடியில் வைத்துச் சண்டை. தண்ணீருக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும், "நீ இந்த வீட்ட விட்டு ஒழிஞ்சாத்தேன் எனக்கு நிம்மதி" என்று நான் சொல்லிவிட்டேன். கல்யாணமாகிப் போனால் சரி என்ற அர்த்தத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்ன விதம் அப்படி இல்லை.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். நாத்தனார் அந்தச் சேலையைப் பிரித்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். பெட்டிக்குள் மடங்கிக் கிடந்ததில் சேலை முழுக்கச் சுருக்கம்.

"எம்புட்டோ படிச்சவுகல்லாம் இருக்காக. ஒரு பிளக்கு மாட்ட வழியில்ல."

சுவரிடம் சொன்னது எனக்கு உறைத்தது. விறுவிறுவென்று கடைத்தெருவுக்குப் போய் நம் ஊர் ஓட்டையில் நுழைகிற பிளக், மூணு பின் டாப்பு என்பார்கள், ஒன்று வாங்கி வந்தேன். அரிவாள்மனையில் வைத்துக் குவைத் பிளக்கை ஒரே வெட்டாக வெட்டினேன். மேல் தோலைச் சீவினால் உள்ளே மூன்று ஒயர். நீலம் ஒன்று. மஞ்சளும் பச்சையும் பட்டை பட்டையாக ஒன்று. பழுப்பாக ஒன்று.

எனக்குத் தெரிந்த கணக்கு வேறு. அப்பா கடையில் ரேடியோவுக்கு இரண்டே ஒயர்தான். சிவப்பு லைன், கறுப்பு நியூட்ரல். மூன்றாவது ஒயரைப் பற்றிக் காதால் கேட்டதோடு சரி. எங்கள் பக்கத்தில் அதை எர்த் என்று சொல்லமாட்டார்கள், மண்ணு ஒயர் என்பார்கள். கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு மண்ணுக்குள் இறக்குவார்களே, அது. இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? பழுப்பு ஒயர் அசல் மண் கலரில் இருந்தது. மண்ணு ஒயருக்கு மண் கலர் கொடுத்திருக்கிறான், வெள்ளைக்காரன் புத்திசாலிதான் என்று மெச்சிக்கூட வைத்தேன். நீலம் இருட்டுக் கலர், ஆகவே கறுப்புக்குப் பதில் அது. மிச்சம் மஞ்சள் பச்சை, அது லைன். மூன்றையும் அந்தந்த இடத்தில் வைத்து முடுக்கினேன். முடுக்குவதற்கு என் கையில் இருந்தது டெஸ்டர். கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற சாமானை நான் திருப்புளியாக மட்டுமே உபயோகித்தேன்.

பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் வெடிக்கவில்லை, ஃபியூஸ் போகவில்லை. "ம், தேய்ச்சுக்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். நாத்தனார் அப்போதுதான் முகம், கை, கால் கழுவிவிட்டு ஈரக் காலோடு வந்து சிமெண்டுத் தரையில் போர்வையை விரித்தாள்.

காப்பிக்குத் தண்ணீர் வைத்திருப்பேன். கூடத்திலிருந்து குரல் வந்தது.

"மதினி, சூடே ஏறலையே!"

இரண்டு நாள் கழித்து என்னை மதினி என்று கூப்பிடுகிறாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்.

"ஃபாரின் சாமான் புள்ள, மெள்ளத்தேன் ஏறும். அடியில நல்லாத் தொட்டுப் பாரு."

கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது. அலறல் இல்லை. தொண்டைக்குள் யாரோ எதையோ அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசும்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். நாத்தனார் உட்கார்ந்த வாக்கில் விறைத்துப்போயிருந்தாள். ஒரு கை கைப்பிடியில், இன்னொரு கையின் விரல்கள் பெட்டியின் அடியை இறுக்கிப் பிடித்திருந்தன. கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்தது. வாய் மட்டும் கோணி, உடம்பு முழுக்க அதிர்ந்துகொண்டிருந்தது. பாய்ந்து அவள் தோளைப் பிடித்தேன். ஏதோ மாடு முட்டியது போல என்னைத் தூக்கிச் சுவரில் அடித்தது.

அங்கே கிடந்தபடி நான் அசையாமல் இருந்தேன் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மறுபடி தொட்டால் நானும் செத்துப்போவேன் என்ற பயம். சுவரிலே சுவிட்ச் இருக்கிறது, அதை அணைத்தால் போதும் என்று புத்திக்கு எட்டவே இல்லை. ஒயர் என் காலருகே கிடந்தது. அது கண்ணில் பட்டதும் இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு. பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. நாத்தனார் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். மூக்கில் விரல் வைத்தால் மூச்சு இல்லை.

"ஆத்தாடீ, ஓடியாங்களேன்!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே திரண்டுவிட்டது. நல்லவேளையாக எதிர்வீட்டில் குடியிருந்த வயர்மேன் அண்ணன் அன்றைக்கு வீட்டில் இருந்தார். யாரோ சொம்பில் தண்ணீர் கொண்டுவர, "தண்ணியத் தெளிக்காதீக, தள்ளுங்க!" என்று கத்திக்கொண்டே நாத்தனாரை மல்லாத்திப் போட்டு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அமுக்க ஆரம்பித்தார்.

அவர் அமுக்க அமுக்க நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? தரையில் கிடந்த பிளக்கை. அதைக் கழற்றி ஒயரைப் பிய்த்து எறிந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு எண்ணம். ஒரு உயிர் போகவா இருக்கவா என்று கிடக்கும்போது என் கை முந்தானைக்குள் டெஸ்டரைத் தேடியது. குழாயடியில் நான் சொன்ன வார்த்தையைக் கேட்ட அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை வெளியே எடுத்துவிட்டேன்.

நாத்தனார் விக்கல் மாதிரி ஒரு மூச்சை இழுத்தாள். அப்புறம் இன்னொன்று. தெருமுனையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் நின்றிருந்தது. அதில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் தலை என் மடியில். எத்தனை சாமியைக் கூப்பிட்டேனோ! ஜீப் குலுங்கும்போதெல்லாம் மூச்சு நின்றுவிட்டதோ என்று நெஞ்சில் காதை வைத்து வைத்துப் பார்த்தேன்.

உயிருக்குப் பயமில்லை, ஆனாலும் ஒருநாள் வைத்துப் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். உள்ளங்கை வெந்து கறுத்திருந்தது, கட்டுப் போட்டார்கள். தேவாரம் போகிற பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட்டதில், இருட்டுகிற நேரத்துக்கு மாமியார் மாரில் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னாலேயே வயர்மேன் அண்ணனும் வந்தார். அவர் கையில் அந்தப் பிளக். மூடியைக் கழற்றியே கொண்டு வந்திருந்தார்.

"இதப் பாருங்க. இந்த மஞ்சப் பச்சைதேன் மண்ணுக்குப் போகவேண்டியது. அதக் கொண்டாந்து லைன்ல மாட்டிருக்கு. மண்ணு கலர்ல இருக்கே, இதுதேன் லைனு. இதப் போயி மண்ணுல மாட்டிருக்கு. சூடு எங்கிட்டு ஏறும்? மொத்தக் கரண்டும் பொட்டி மேலல்ல நிக்கும்! எந்தப் படுபாவி பாத்த வேல இது?"

கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமியார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். ரேடியோக்கடைக்காரர் மகள் அந்த வீட்டில் நான் ஒருத்திதானே! கடிதத்தில் நோண்டாதே என்று எழுதிய மனிதர், மாமியார், குழாயடி, போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன்னால் வந்தது.

அப்போது கட்டிலிலிருந்து, கேட்டும் கேட்காத மாதிரி ஒரு குரல்.

"நாந்தேண்ணே மாட்டுனேன். மதினி வேணாம் வேணாமுன்னுதேன் சொன்னாக."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். படுத்துக் கிடக்கிறவளைப் பிடித்து வாய்க்கு வந்தபடி ஏசினார். வயர்மேன் அண்ணனும் தன் பங்குக்குத் திட்டினார். நான் இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. என் நீளமான வாய் அன்றைக்கு எங்கே போனதோ தெரியவில்லை.

மறுநாள் காலையில் மாமியார் காப்பி வாங்கப் போன நேரத்தில், நான் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே கேட்டேன், ஏன் புள்ள அப்படிச் சொன்ன என்று.

"என்னயச் சொன்னா வெவரங்கெட்டவன்னு நாலு நாளு ஏசுவாக. ஒங்களச் சொன்னா ஆயுசுக்கும் கொலகாரின்னுல்ல சொல்லுவாக."

நான் வாரிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் பயம் இருந்தது. சின்னக் குரலில் கேட்டாள்.

"நீங்க வேணுமின்னு செய்யலைல்ல மதினி?"

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகையில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். சத்தியமா இல்ல, சத்தியமா இல்ல என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

அடுத்த வருடம் வீட்டுக்காரர் அடாப்டரோடு வந்தார், தங்கையை அவரும் திட்டினார். இப்போது எங்கள் வீட்டிலிருந்து வெளிநாடு போகிறவர்கள் யாரானாலும், டிக்கெட் போட்ட அன்றைக்கே அந்த ஊர் பின் உருண்டையா சப்பட்டையா என்று விசாரித்து, அதற்கேற்ற அடாப்டரை நானே வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவேன். அம்மாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்துகொள்ளட்டும். மாமியார் போய்ச் சேரும்வரை மகள்தான் மாட்டினாள் என்றே நம்பியிருந்தார். வீட்டுக்காரர் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார். போடியில் பேரன் பேத்தியோடு இருக்கிற நாத்தனாரிடம் போன வாரம் போனில் கேட்டேன், எழுதட்டுமா என்று. "எழுதுங்க மதினி, இனிமே என்ன?" என்று சிரித்தாள்.

அவளால் சிரிக்க முடிகிறது. என்னால் முடியவில்லை. நான் வேண்டுமென்று செய்தேனா இல்லையா என்பதே அன்றைக்கு அவளுக்குத் தெரியாது. அது தெரியாமலே அத்தனை பேர் முன்னால் முந்திக்கொண்டு பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள், என்னிடம் கேட்டது மறுநாள்தான் என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம், நாற்பது வருடம் கழித்தும் அவள் முன்னால் குரல் உயர்த்த எனக்கு வாய் வருவதில்லை.