வழித்த நாக்கு

யோசெப்பினுக்குக் காணாக்கடி வந்தது 2004 பனிக்காலத்தில். மீன் பொதிசெய்யும் தொழிற்சாலையின் குளிர் அறையில் அவளுக்கு வேலை. கையும் கழுத்தும் தடித்து வீங்கும். சற்று நேரத்தில் சுவடில்லாமல் மறையும். சொறியைத் தாங்கிக்கொண்டாள். கணவன் மரியதாசன் கட்டிலை விட்டுத் தலையணையோடு ஹோல் சோபாவுக்குப் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

"இது தொத்தாதெண்டு டொக்டர் சொன்னவரப்பா."

"அவர் தந்த குளிசை விழுங்கி மாறினதே? மாறட்டும், பேந்து வாறன்."

அந்தப் 'பேந்து' கெதியாய் வரட்டுமென்றே அவள் சைனாடவுனில் ஒரு சீனப் பெண் வைத்தியரிடம் போனாள். பிரெஞ்சில் கதைக்க மகள் ஜென்சி கூட வந்தாள். நாக்கைப் பார்ப்பார்கள் என்று ஜென்சி முன்பே சொல்லியிருந்ததால், அழுக்கு நாக்கைப் பிறத்தியாருக்குக் காட்டக் கூடாதென்று யோசெப்பின் அன்று காலை எரியும்வரை வழித்திருந்தாள்.

போன நேரம் உடம்பில் ஒரு தடிப்பும் இல்லை. வைத்தியர் நாடி பிடித்தார். படிவே இல்லாமல் சிவந்திருந்த நாக்கைப் பார்த்தார். தோலுக்குள் காற்றும் சூடும் புகுந்திருப்பதாகச் சொன்னார்.

"குளிரிலைதான் வாறதெண்டு சொல்லட்டே அம்மா?" என்று ஜென்சி தாயிடம் கேட்டாள்.

"நாடி பிடிச்சவவுக்குத் தெரியாததே? வாயை மூடு."

சூடு தணிக்கும் மூலிகைகளை அவித்துக் குடித்தாள். இறாலையும் மிளகாயையும் விட்டாள். தடிப்பு உதட்டுக்கும் ஏறியது.

"வலு திறமான மருந்து," என்றான் சோபாவில் கிடந்த மரியதாசன். "முகமும் புதுசாய்க் கிடக்கு."

மறுமுறையும் நாக்கு சிவப்பாகவே இருக்க, வைத்தியர் துருவிக் கேட்டார். ஜென்சி நாக்கு வழிப்பதுபோல் கையால் செய்து காட்டினாள். வைத்தியர் நெற்றியில் கை வைத்தார். வழிக்காமல் வரச் சொன்னார்.

வாயைப் பொத்தியபடி மறுபடி போனாள். நாக்கில் வெள்ளையாய்ப் படிந்திருந்தது. சூடில்லை, குளிர் என்றார் வைத்தியர். குளிர் அறைக் கதையையும் அப்போதுதான் ஜென்சி சொன்னாள். கறுவாவும் இஞ்சியும் சேர்ந்த கசாயம் வந்தது. வேலையிலும் கெஞ்சி லேபல் ஒட்டும் பகுதிக்கு மாறினாள். பனி கரைய முன்னரே தடிப்பு நின்றுவிட்டது.

சில கிழமை பொறுத்து, மெத்தைக்குப் புதுவிரிப்புப் போட்டுவிட்டு ஹோலுக்கு வந்தாள். இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"பாருங்கோ. ஒண்டுமில்லை."

"நல்லதுதானே," என்றான், ரீவியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"அப்ப உள்ளுக்கு வாங்கோவன்."

"இஞ்ச பழகிப்போச்சுதப்பா. உமக்கும் வசதிதானே."

நோய் இருந்தபோது நோயையாவது திட்டலாம். இப்போது திட்ட அதுவும் இல்லை.

"அறைக்கதவைச் சாத்தட்டே?" என்று கேட்டாள்.

"ஓம், சாத்தும். ரீவிச் சத்தம் உமக்குக் கரைச்சல்."