தை பிறக்கட்டும் என்றாள் அத்தை

டாக்ஸியிலிருந்து இறங்கிய அம்மா, வாசல் கோலத்தை மிதிக்காமல் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாகச் சுற்றி வந்தாள். வீட்டு மனுஷிகள் அப்படி வருவதில்லை. மார்கழியில் எவ்வளவு பெரிய கோலம் போட்டாலும் பத்து மணிக்குள் எங்கள் காலாலேயே பாதி அழிந்துவிடும். விருந்தாளிகள்தான் பார்த்துப் பார்த்து நடப்பார்கள். “இன்னாம்மா, பொட்டி இங்கியே கீதே!” என்று டாக்ஸிக்காரர் குரல் கொடுக்க, அப்பா ஓடினார். அத்தை, என் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றிருந்தாள். அம்மா இரண்டு கையையும் நீட்டினாள். தம்பி அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா என் தலையைத் தடவினாள். நான் கொஞ்சம் பின்வாங்கினேன். அதை அவள் கவனித்தாள் என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

அது அறுபத்தொன்பதாம் வருஷம். மயிலாப்பூரில் சித்திரைக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். எனக்குப் பத்து வயது. அந்த மாசியில்தான் அம்மாவுக்கு இருமலில் ரத்தம் வந்தது. காச நோய் என்றார்கள். தாம்பரம் பக்கத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்கள். தம்பிக்கு அப்போது ஐந்து மாதம். திருவல்லிக்கேணியில் தன் மச்சினர் வீட்டு மாடியில் தனியாக இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, ஒரு பையோடு வந்து இறங்கினாள். பால் குடி மறக்காத குழந்தையைப் புட்டிப்பாலுக்குப் பழக்கி, பல் முளைக்கும் ஜுரத்தில் தோளில் போட்டுக்கொண்டே நடந்து, பத்து மாதத்தில் அவனை ஆளாக்கினாள். எனக்கும் தலை பின்னிவிட்டாள். அவன் அவளை “அம்மா” என்றுதான் கூப்பிட்டான். அவள் சொல்லிக் கொடுக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை.

ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு மார்கழி, தை எல்லாம் தெரியுமா? சரியாகிவிட்டது என்று மார்கழி ஆறாம் தேதி அனுப்பிவிட்டார்கள். அன்று மத்தியானமே அத்தை சட்டம் போட்டாள். “மார்கழியிலே எதையும் புதுசா ஆரம்பிக்கப்படாது. சமையல்கட்டு, குழந்தை எல்லாம் தை பொறக்கட்டும், பார்த்துக்கலாம்.” அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, “அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். அவருக்கு அக்காவிடமும் பயம், அம்மாவிடமும் பயம். பேப்பர் மட்டும் பெரியது. அம்மாவுக்கு முன் அறை ஒதுக்கப்பட்டது. தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். எங்கள் வீட்டில் யாரும் டம்ளரை உதட்டில் வைத்துக் குடிப்பதில்லை, தூக்கித்தான் குடிப்போம். அப்படியும் தனி டம்ளர்.

கிருமி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை அம்மா நீட்டினாள். அத்தை அதைக் கையில் வாங்காமல் சொன்னாள்: “அவரையும் சரியாயிடுத்துன்னுதான் அனுப்பிச்சா. ரெண்டே மாசம்.” அத்தையின் புருஷன் இருபத்தாறு வயதில் இதே வியாதியில் போனவர். அம்மா கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அந்த வீட்டில் அப்புறம் யாரும் இயல்பாக மூச்சு விட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அம்மா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு முன் அறையில் உட்கார்ந்திருப்பாள். கூடத்தில் தம்பி தத்தித் தத்தி நடந்து வந்தால், அத்தை எங்கிருந்தாலும் வந்து அவனைத் திருப்பிவிடுவாள். அம்மா இருமினால் எல்லோரும் செய்துகொண்டிருந்ததை நிறுத்துவோம். அது தெரிந்து அவள் இருமலை அடக்குவாள், முகம் சிவந்துவிடும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு மெல்லச் சொன்னாள்: “தை பொறந்தும் இப்படியே இருந்தா நான் திருச்சிக்கு மாமா ஆத்துக்குப் போயிடறேன். நீ தம்பியைப் பார்த்துக்கோ.” மிரட்டலாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கறிகாய் வாங்கி வரச் சொல்வது போலச் சொன்னாள். அம்மா போய்விடுவாள் என்கிற பயத்திலேயே அன்றிலிருந்து பள்ளிக்கூடம் போய் வந்தேன்.

இப்போது என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். மார்கழி பாதியில் ஒரு விடியற்காலை. அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள், அப்பா பால் வாங்கப் போயிருந்தார். தம்பி எழுந்து வீறிட்டான். நான் தூக்கினேன், ஆட்டினேன், அடங்கவில்லை. அம்மா முன் அறை வாசலில் வந்து நின்றாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அப்புறம் வந்து என்னிடமிருந்து அவனை வாங்கிக்கொண்டாள். முதலில் திமிறினான். அவள் காதோரம் ஏதோ முணுமுணுத்தாள். விக்கி விக்கி அடங்கி, அவள் தோளிலேயே தூங்கிப்போனான். அம்மா அசையாமல் நின்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அத்தை தொன்னையில் பிரசாதப் பொங்கலோடு வந்தபோது தம்பி பழையபடி படுக்கையில் இருந்தான். “எழுந்தானாடீ?” என்றாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். “அம்மா தூக்கிண்டா” என்றேன். எதற்குச் சொன்னேன்? பொய் சொல்லக் கூடாது என்பதாலா? அம்மாவிடமிருந்து எனக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று நானும் பயந்ததாலா? இரண்டாவதுதான் நிஜம். அந்தக் குளிரில் அத்தை அவசரமாக வெந்நீர் போட்டு, தூங்குகிற குழந்தையை எழுப்பிக் குளிப்பாட்டினாள். அவன் கதறிய கதறல் முன் அறைக்குக் கேட்காமலா இருக்கும்? மத்தியானம் நான் அம்மாவின் அருகில் போய் நின்றேன். “உள்ளதைத்தானே சொன்னே” என்றாள். என்னைப் பார்க்காமல் பெட்டியில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அத்தை தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், மார்பில் காதை வைத்துக் கேட்டாள். ஒரு வாரம், இரண்டு வாரம். ஜுரமும் இல்லை, இருமலும் இல்லை. அவனோ, அத்தை கண் அசந்தால் முன் அறைப் பக்கம் தத்தி நடந்து போய் எட்டிப் பார்க்க ஆரம்பித்தான். அத்தை திருப்பிவிடுவதும் குறைந்தது.

பொங்கலன்று வெண்கலப் பானையை அடுப்பில் ஏற்றும் நேரத்தில் அத்தை முன் அறைக்குப் போனாள். “எழுந்து வா. உன் ஆத்துப் பொங்கலை நீ வை” என்றாள். அம்மா நம்பாமல் அவள் முகத்தையே பார்த்தாள். பால் பொங்கியது, சாப்பிட்டோம். இலை எடுத்த கையோடு அத்தை தன் பையை எடுத்து வைத்துக்கொண்டாள். இருந்துவிட்டுப் போகலாமே என்று அப்பா இழுத்தார். அத்தை தம்பியை அம்மா மடியில் உட்கார வைத்துவிட்டு விறுவிறுவென்று தெருவில் இறங்கிவிட்டாள். “அம்மா, அம்மா” என்று அவன் தெருவைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினான். இத்தனை நாளும் இதற்காகவே காத்திருந்த அம்மா, துள்ளுகிற குழந்தையைப் பிடிக்க முடியாமல் பிடித்துக்கொண்டு என்னிடம், “ஓடுடி, அத்தையை வரச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு” என்றாள்.

லஸ் பஸ் நிறுத்தத்தில் பிடித்துவிட்டேன். பஸ் வந்து நின்றிருந்தது. அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அத்தை என் கையை விலக்கினாள். “நான் திரும்பி வந்தா அவன் அவகிட்ட ஒட்டவே மாட்டான்டீ. கொஞ்ச நாளைக்கு என்னைக் கூப்பிடாதேங்கோ. போ.” பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். “ஏறுறியா இல்லியாம்மா? கதை பேசிக்கினு நிக்கிறியே” என்று கண்டக்டர் அதட்ட, ஏறிக்கொண்டாள். நான் நின்ற பக்கத்து ஜன்னலில் இடம் இருந்தும் எதிர்ப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

இன்று தம்பிக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. அத்தை என்றால் அவனுக்குத் திருவல்லிக்கேணியில் இருந்த அப்பாவின் அக்கா, அவ்வளவுதான். யாரை முதலில் அம்மா என்று கூப்பிட்டான் என்று நாங்கள் யாரும் அவனிடம் சொன்னதில்லை. அம்மா இருந்தவரை எனக்கும் வாய் வரவில்லை.

அன்று அத்தை பஸ் ஏறிப் போன பிறகு தம்பி மூன்று நாள் அழுதான். நான்காம் நாள் அம்மா கையால் சாதம் வாங்கிக்கொண்டான். ஒரு வாரத்தில் அவள் புடவைத் தலைப்பை விடாமல் சமையல்கட்டு முழுக்கச் சுற்றினான், அவளையே அம்மா என்றான். ஒரு சாயங்காலம், அவன் அவள் மடியில் சிரித்துக்கொண்டு கிடக்கும்போது, அம்மா என்னை ஒரு தபால் கார்டு எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். அத்தைக்கு எழுத வேண்டும். க்ஷேமம், க்ஷேமத்துக்குப் பதில் என்று ஆரம்பித்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்திவிட்டேன்.

“குழந்தை இன்னும் உங்களைத் தேடி அழுதுண்டே இருக்கான்னு எழுது.”

“அவன்தான் அழலையேம்மா?”

“எழுதுடி” என்றாள் அம்மா. “பெத்த குழந்தை மறந்துபோறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அத்தைக்கு அது வேண்டாம்.”